கடலைத்தோல் மேட்டில் பனிச்சறுக்கு

அக்கா வருவதற்கு முன்னால் அவள் கை வந்துவிடும்.

சிரிப்பு வந்தாலும் கை, கோபம் வந்தாலும் கை. நிற்காமல் போகிற பஸ்ஸின் விலாவில் விழும். விசில் அடிக்காத குக்கரின் தலையில் விழும். ஆலங்குடியில் ஒரே காம்பவுண்டில், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ஆறு வருஷம் குடியிருந்தோம். அந்தக் காம்பவுண்டில் அவளிடம் அடி வாங்காத பொருள் எதுவும் இல்லை. தண்ணீர் மோட்டார் வாங்கியது, இரும்புக் கேட் வாங்கியது, என் ஸ்கூட்டி வாங்கியது. முருங்கை மரம் மட்டும் ஒருமுறை திருப்பி அடித்தது. அவள் ஓங்கி அடித்த அதிர்ச்சியில் கிளை முறிந்து அவள் தோளிலேயே விழுந்தது. மறுநாள் தோளில் கட்டோடு வந்து அதற்கு இன்னொன்று வைத்தாள்.

பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். கட்டிய கணவரும் அப்படித்தான். "டீச்சர், சட்டையில பட்டன் போச்சுங்க" என்பார். பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் மேஜை போட்டுப் பத்திரம் எழுதுகிறவர். எழுதி எழுதி நடுவிரலில் காய்ப்பு ஏறிய மனிதர். எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார். நான் மட்டும் அக்கா என்று கூப்பிட்டேன். அதற்குக் காரணம் குடி வந்த முதல் நாள். அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து முதுகில் ஓர் அறை. மூச்சு ஒரு நிமிஷம் எங்கேயோ போய்விட்டு வந்தது.

"ஏண்டி, இந்தச் சுண்டைக்காய் ஒடம்ப வச்சுக்கிட்டு மூட்டை தூக்குறியா? தள்ளு இங்கிட்டு."

மூட்டை அவள் தோளில் ஏறி உள்ளே போனது. வலியில் எனக்குக் கண்ணில் நீர் நின்றது. அக்கா என்ற சொல் தானாக வந்தது.

பிறகு கற்றுக்கொண்டேன். அவள் அடிக்கு இடக்கணக்கு உண்டு. பிரியம் என்றால் முதுகு. கோபம் என்றால் கன்னம். இடம் மாறி விழுந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை படிக்கட்டில் நின்ற பள்ளிப் பிள்ளையைக் கண்டக்டர் பிடித்துத் தள்ளினான். அக்கா அவன் கன்னத்தில் வைத்த அறையில் விசில் வாயிலிருந்து தெறித்து ஓட்டுநர் மடியில் விழுந்தது. பஸ் அரைமணி நேரம் நடுரோட்டில் நின்றது. பஞ்சாயத்து முடிந்ததும் கீழே இறங்கி அவனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து முதுகில் ஒன்று வைத்தாள். அவன் இருமிக்கொண்டே சிரித்தான். அதற்குப் பிறகு அந்த பஸ் எங்கள் தெரு முனையில் ஸ்டாப் இல்லாமலே நின்றது.

இதையெல்லாம் சிரிப்பாகச் சொல்லிவிடலாம். சுவரைப் பற்றிச் சொல்வதுதான் கஷ்டம்.

அவர்களுக்கு ஒரே மகள். ரேங்க் கார்டு வருகிற நாளில் சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு நாற்காலி நகரும். பிறகு "எழுபத்தொண்ணா? எழுபத்தொண்ணாடி?" பிறகு அந்த ஓசை. கன்னத்தில் விழுவதற்கு ஒரு தனி ஓசை உண்டு, தட்டையாக, எதிரொலி இல்லாமல். மகள் அழுது நான் கேட்டதில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. நான் என்ன செய்தேன்? டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்தேன். ஆறு வருஷமும் கூட்டிவைத்தேன். இதையும் எழுதிவிட வேண்டும்.

பனியைப் பற்றி அவள் சொன்னது மொட்டை மாடியில், வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தாளாம். பத்தொன்பது வயதில் இமயமலைப் பக்கம் பனிச்சறுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்களாம். ஒரு மாசம். காலில் இரண்டு நீளப் பலகை, கையில் இரண்டு குச்சி.

"விழுந்துகிட்டே இருந்தேன்டி. விழுந்தா அந்தப் பனி வாங்கிக்கிரும். ஆத்திரத்துல ஓங்கிக் குத்துனாலும் வாங்கிக்கிரும். சத்தமே வராது. ஊரே பஞ்சு மாதிரி." கொஞ்ச நேரம் வற்றலைப் பரப்பினாள். "எங்கப்பன் என்னைய அடிச்சே வளத்தான். எட்டு வயசுலேர்ந்து நானும் யாரையாச்சும் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த ஒரு மாசம் மட்டும் ஒருத்தரையும் அடிக்கலை. கை நீளவே இல்லை."

பிறகு, வெயிலைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னாள்: "எம்மவ அங்க இருந்த என்னைய ஒருதடவை பாக்கணும். இவளுக்கு நான் வெறும் கைதான். அங்க போனா அம்மான்னு ஒருத்தி வருவா. அவள இவ பாக்கணும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரு வாரம். மூன்று பேர். பனி.

சமையலறைக் காலண்டரில் பனி கிடக்கிற மாதங்களை நீலப் பென்சிலால் வட்டமிட்டாள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். மகளுக்குப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷமும் பொதுத்தேர்வு இருந்த காலம் அது. தேர்வுகளைச் சிவப்பால் வட்டமிட்டாள். ஜனவரியில் திருப்புதல் தேர்வு, பிப்ரவரியில் செய்முறை, மார்ச்சில் எழுத்து. நீலம் விழுந்த இடமெல்லாம் சிவப்பும் விழுந்தது. மலை உச்சியில் பனி கொட்டத் தொடங்கும்போது புதுக்கோட்டையில் கேள்வித்தாள் கொட்டத் தொடங்கும். இங்கே விடைத்தாளைக் கட்டிச் சீல் வைக்கும்போது அங்கே பனி உருகிப்போகும். அக்கா காலண்டரையும் அடித்தாள். ஆணி கழன்றது.

பத்தாம் வகுப்பில் பொங்கல் விடுமுறையோடு மூன்று நாள் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். பொங்கலுக்கும் சிறப்பு வகுப்பு உண்டு, வராவிட்டால் தேர்வுக்கு அனுமதிச் சீட்டுத் தருவது யோசிக்க வேண்டியிருக்கும் என்று மகளின் பள்ளியில் சொன்னார்கள். அக்கா நேரில் போனாள். முதல்வரின் மேஜை மேல் விரித்திருந்த கண்ணாடியில் அவள் கை இறங்கியது. கண்ணாடி சிலந்தி வலையாக விரிந்தது. உள்ளங்கையில் நான்கு தையல். டிக்கெட் ரத்து.

அடுத்த வருஷம் தந்திரம் மாறியது. "பரீட்சை முடிஞ்ச மறுவாரமே கெளம்புறோம். மேல ஏறிப் போனா ஏப்ரல்லயும் பனி கெடக்கும். போற எடத்துல கத்துக்க நேரம் இல்லை, இங்கயே கத்துக்கிட்டுப் போயிரணும்" என்றாள்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கடலை மில். அதன் பின்பக்கம் உடைத்த கடலையின் தோல் ஒரு பனைமர உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். மில்காரரிடம் பேசினாள், எப்படிப் பேசினாள் என்று யாரும் கேட்கவில்லை. ஞாயிறு காலைகளில் குடும்பம் அந்த மேட்டில் ஏறியது. காலில் காய்ந்த தென்னை மட்டைகளைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு, கையில் மூங்கில் கழிகளோடு. கழுத்தில் விசில் தொங்க அக்கா அடிவாரத்தில் நின்றாள்.

"முட்டிய மடக்குங்க! பத்திரமா எழுதுறீங்க? நேரா நிக்கிறீங்க! மடக்குங்க!"

"மடக்கிட்டேன் டீச்சர்."

"அது மடக்குனதா? அது பயந்தது!"

அவர் சரிந்தார், உருண்டார், கடலைத்தோலுக்குள் மூக்குக்கண்ணாடியோடு புதைந்தார். மகள் மட்டும் மூன்றாவது வாரம் நின்றபடி இறங்கினாள். தூசி பொன்னாகப் பறக்க, சரசரவென்று, கடைசிவரை விழாமல். அக்கா ஓடிப்போய் முதுகில் வைத்தாள் ஒன்று. அந்தப் பெண் இரண்டடி தள்ளிப்போய் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தாள். அவள் சிரிப்பை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு காலை வாடகைக் கார் கிளம்பியது. திருச்சியில் எனக்கு வேலை இருந்ததால் நானும் தொற்றிக்கொண்டேன். மாலையில் ரயில். வழியில் வல்லத்திராக்கோட்டை, அக்கா கணவரின் சொந்த ஊர். அண்ணனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வர ஐந்தே நிமிஷம் என்றார். எல்லைக்கல்லைத் தாண்டிக் கார் ஊருக்குள் போய் நின்றது.

"வாடா வாடா! காப்புக்குச் சரியா வந்துட்டியே!" என்று அண்ணன் எதிரே ஓடிவந்தார்.

அக்கா கணவரின் முகம் வெளுத்தது. அம்மன் கோயில் திருவிழாவுக்கு அன்று காப்புக் கட்டு. தண்டோரா போட்ட நாளில் இவர் ஆலங்குடியில் இருந்தார். தெரிந்துதான் வருவார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நாங்கள் நிற்கும்போதே மேளம் எழுந்தது. பூசாரி கையில் மஞ்சள் துணி ஏறியது. அந்த நேரத்தில் எல்லைக்குள் இருக்கும் ஊர்க்காரர்கள் திருவிழா முடிகிற எட்டு நாளும் இரவில் வெளியே தங்கக்கூடாது. பகலில் எங்கே போனாலும் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

"கார்ல ஏறுங்க" என்றாள் அக்கா.

"டீச்சர், காப்புக் கட்டிட்டாங்க."

"ஏறுங்கன்னேன்."

"முடியாதுங்க."

கன்னத்தில் விழுந்தது. மூக்குக்கண்ணாடி பறந்து சூடப் புகைக்குள் போனது. மேளக்காரர்கள்கூட ஒரு தாளம் விட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது. உதட்டில் ரத்தம். ஊர் முழுக்க நின்று பார்த்தது. அவர் கையைக்கூட உயர்த்தவில்லை.

"அடிங்க டீச்சர். எத்தனை வேணும்னாலும் அடிங்க. ஆனா ராத்திரி நான் தலை சாய்க்கிறது இந்த எல்லைக்குள்ளதான்."

அவ்வளவு மெதுவாகப் பேசுகிற மனிதருக்குள் அவ்வளவு கெட்டியான ஒன்று இருந்ததை அவளே அன்றுதான் பார்த்தாள். மகள் பக்கம் திரும்பினாள். "வாடி, நம்ம ரெண்டு பேரும் போவோம்."

"அப்பா இல்லாமயா?"

அதற்கும் ஒன்று, கன்னத்தில்.

பெட்டிகளை இழுத்துக்கொண்டு எல்லைக்கல் வரை போனாள். தாண்டவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்தாள். காரைத் திருப்பி அனுப்பிவிட்டு நானும் பக்கத்தில் நின்றேன். ரயில் கிளம்பும் நேரம்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து பெட்டியைப் பிரித்து, புதிதாக வாங்கிய கம்பளிக் கையுறைகளை ஊருணிக்குள் ஒவ்வொன்றாக எறிந்தாள். ஆறு கையுறைகள். தண்ணீர் குடித்து ஒவ்வொன்றாக, விரல்களை விரித்தபடி அவை மூழ்கின.

பன்னிரண்டாம் வகுப்பில் அவள் திருவிழா வருகிற பங்குனி, சித்திரையை நம்பவில்லை. செய்முறைத் தேர்வுக்கும் எழுத்துத் தேர்வுக்கும் நடுவில் ஒன்பது நாள் இடைவெளி. காலண்டரில் நீலம் மட்டும் விழுந்த ஒன்பது கட்டம். போக இரண்டு, வர இரண்டு, நடுவில் ஐந்து. யாரிடமும் கேட்காமல் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் குரல் கேட்டது. அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது அதுதான் முதல்முறை.

"நான் வரலைம்மா. படிக்கணும். பரீட்சை முடிச்சுட்டுப் போவோம்."

"முடிச்சுட்டுப் போனா உங்கொப்பன் ஊரு கட்டிப் போட்டுரும். கெளம்புடி."

"வரலை. ஒனக்குப் பனி பாக்கணும்னா நீ போ."

நாற்காலி நகர்ந்தது. என் கை டி.வி. ரிமோட்டுக்குப் போனது. இந்தமுறை எடுக்கவில்லை. ஓடினேன். நான் வாசலை அடைவதற்குள் மூங்கில் கழி இறங்கியிருந்தது. கடலைத்தோல் மேட்டில் அந்தப் பெண் பிடித்து நின்றாளே, அதே கழி. முகத்தை மறைக்க உயர்த்திய வலது கையில் பட்டிருந்தது. சுட்டுவிரல் போகக் கூடாத பக்கம் போய் நின்றது. யாரும் கத்தவில்லை. அக்காதான் முதலில் கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தபடி கேட்டார்: "எப்படிம்மா ஆச்சு?"

"கதவுல நசுங்கிருச்சு சார்" என்றாள் மகள்.

"கதவு இல்லை" என்றாள் அக்கா. "நான். நான்தான் அடிச்சேன். அப்படியே எழுதுங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் அவர் பார்வையிலிருந்து விலகவில்லை. தான் அடித்ததை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. அதை நல்ல குணம் என்று சொல்வதா, நான் இன்றுவரை முடிவு செய்யவில்லை.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மகள் வராண்டா பெஞ்சில் இருந்தாள். அக்கா எதிரே தரையில். அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். கோபமே இல்லாத குரல். கணக்குக்கு விடை சொல்வது மாதிரி.

"அம்மா, அந்தப் பனியில யாரையும் அடிக்கலைன்னு சொல்லுவல்ல?"

"ம்."

"அங்க ஒனக்குன்னு யாரும் இல்லைம்மா. அதான் அடிக்கலை. நாங்க வந்தா அங்கயும் அடிப்ப."

  பல வருஷமாக எத்தனையோ பேரை வாயடைக்க வைத்தவள், பள்ளிக்கூடம் முடிக்காத ஒரு பெண்ணின் இரண்டு வரியில் சுருண்டு போனாள்.

தேர்வில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுத, மகள் விடை சொன்னாள். எல்லாத் தேர்வுக்கும் அக்கா வாசல்வரை போய் நின்றாள். வலது கையை டிராக் பேன்ட் பைக்குள் விட்டு, வெளியே எடுக்காமல். காலையில் டீ டம்ளரையும் இடது கையால்தான் பிடித்தாள். சுவர் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

தேர்வு முடிந்ததும் டிக்கெட் எடுத்தது பத்திரம் எழுதுகிறவர். மூன்று பேருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் கிடைத்தது. அன்றைக்கு ஊரில் காப்பு. இந்தமுறை விசாரித்து வைத்திருந்தார். "ஊருக்குள்ளயே போகலைங்க. வேற ரோட்டுல நேரா திருச்சி" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். மகளுக்கு விரல் கட்டு அவிழ்ந்திருந்தது. விரல் கொஞ்சம் கோணல்.

அன்று காலை காரில் பெட்டி ஏறியபிறகு அக்கா சொன்னாள்: "ஸ்கூல்ல ஒரு கையெழுத்து போட வேண்டியிருக்கு. நீங்க போய்க்கிட்டே இருங்க. நான் இவ வண்டியில புதுக்கோட்டை வந்து பஸ்ஸப் புடிச்சு ஸ்டேஷனுக்கு வாரேன்."

கார் தெரு முனை திரும்பியது. "ஸ்கூட்டிய எடு" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை எந்த ஸ்கூல்க்கா?"

"வல்லத்திராக்கோட்டைக்கு ஓட்டுடி."

 எல்லைக்கல் வந்ததும் இறங்கிக்கொண்டாள். கல்லைப் பார்த்தாள். நடந்து உள்ளே போய்க் கோயில் முன்னால் கூட்டத்தில் நின்றாள். போன வருஷம் இதே இடத்தில் கணவனை ரத்தம் வர அடித்தவளுக்கு ஊர் வழி விட்டது. மேளம் எழுந்தது. மஞ்சள் துணி கட்டி முடியும்வரை நின்றுவிட்டு என் போனை வாங்கி அவருக்குப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"காப்புக் கட்டிட்டாங்க. நான் உள்ள மாட்டிக்கிட்டேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"டீச்சர், நீங்க எதுக்கு அங்க போனீங்க?"

"சாவி குடுக்க."

"சாவி எம் பையில இருக்குங்களே."

 பிறகு மகள் குரல். "வேணும்னுதானே போன?"

"ஆமாடி."

"சரி" என்றாள் அந்தப் பெண். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, "சரிம்மா."

ஆறாவது நாள் மாற்றுச்சேலைகளோடு போனேன். கணவரின் அண்ணன் வீட்டு வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். காப்பு நாட்களில் அந்த ஊரில் உலக்கை எடுக்க மாட்டார்கள், மிளகாய் இடிக்க மாட்டார்கள், எண்ணெயில் கடுகுகூடப் பொரிக்க மாட்டார்கள். செய்ய வேலை இல்லாத அவள் கைகள் மடியில் இரண்டு பிராணிகள் போலப் படுத்திருந்தன.

என் போன் அதிர்ந்தது. ஒரு படம், ஒரு குரல் பதிவு. படத்தில் வெள்ளை. கண் கூசும் வெள்ளை. நடுவில் அந்தப் பெண், முட்டியை மடக்கி, இரண்டு கையிலும் குச்சி. கோணல் விரல் குச்சியைச் சுற்றி வளைந்திருந்தது.

"பெருசாக்கிக் காட்டு" என்றாள். காட்டினேன். "முட்டி சரியா இருக்கு" என்றாள். "குரலப் போடு."

காற்றின் இரைச்சல். அதற்குள் மூச்சு வாங்கும் சிரிப்பு. "அம்மா, நான் விழாம வந்துட்டேன். அப்பாதான் மடக்கவே மாட்டேங்கிறாரு. நின்ன எடத்துலயே நிக்கிறாரு. எனக்கு வந்துச்சு பாரு... ஓங்கி ஒண்ணு வச்சுட்டேன் அவருக்கு."

பதிவு முடிந்தது.  அந்தப் பெண் ஆஸ்பத்திரி பெஞ்சில் சொன்னதை இப்போது பனியில் நின்று அவளே செய்துகாட்டிவிட்டாள். அவளுக்கென்று ஒருவர் அங்கே இருந்தார். கை நீண்டுவிட்டது. அம்மாவை இங்கே கட்டிப்போட்டு வைத்தும் அம்மாவின் கை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அக்காவின் முகம் சாம்பல் படிந்தது போல இருந்தது.

"கேளு" என்றாள் கடைசியில்.  "எங்க அடிச்சான்னு கேளுடி. கன்னத்துலயா, முதுகுலயா?"

தட்டச்சு செய்து அனுப்பினேன். கோயிலில் மேளம் தொடங்கியது. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். நாற்காலி முனகியது. நான் திரையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

பதில் வந்தது. வாசித்தேன்.

"முதுகுலதாம்மா."

மூச்சு எனக்கு எங்கேயோ போனது. போன் கையிலிருந்து பறந்து வேப்பம்பூ மேல் விழுந்தது. வீட்டுக்குள்ளிருந்து யாரோ "காப்பு நேரத்துல என்ன சத்தம் அங்க?" என்று அதட்டினார்கள். மூச்சுக்குத் தவித்தபடி குனிந்தேன். மண்ணில், தலைகீழாக, அந்தப் பெண் பனியில் விழாமல் நின்றுகொண்டிருந்தாள். அக்காவின் கை மறுபடி ஓங்கியிருந்தது. நான் முதுகைக் கொடுத்தேன்.